பாட்டுக்கு அடியில்

குழந்தை பிறந்தால் ஒரு பாட்டு. அது நடக்க ஆரம்பித்தால் இன்னொரு பாட்டு. பள்ளிக்கூடத்தை விட்டுப் பிரிவதற்கு மூன்று பாட்டுகள் இருக்கின்றன. அதில் இரண்டை நான் தொடமாட்டேன், ஊரே போட்டுத் தேய்த்துவிட்டது. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பும் அப்பாவின் முகத்தை எந்தப் பாட்டின் எந்த வரியில் நிறுத்திக் காட்ட வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. கடைப் பலகையில் 'வாழ்க்கை ஆல்பம்' என்று எழுதியிருக்கும். ஒரு வீட்டின் நல்ல நாட்களைக் கேமராவில் எடுத்து, வெட்டி, ஒட்டி, எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளை மேலே ஏற்றி, நாற்பது நிமிடப் படமாகக் கொடுப்பேன். கண் கலங்காமல் பார்த்து முடித்த வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை. அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. இருந்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற ஒரு காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் முதல் வேலை, அதன் சத்தத்தைக் கழற்றி எறிவது. அந்தச் சத்தத்தில் என்ன இருக்கப்போகிறது? நாற்காலி இழுபடும். யாராவது இருமுவார்கள். ஒரு குழந்தை வீறிடும். "சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சா" என்று நூறு பேர் நூறு பேரைக் கேட்பார்கள். அதையெல்லாம் துடைத்தால்தான் பாட்டு வந்து உட்கார இடம் கிடைக்கும். ஆல்பத்தைக் கையில் கொடுத்த பிறகு, எடுத்த மூலப் படங்களை ஒரு வருடம் வைத்திருப்பேன். அதற்குள் யாரும் குறை சொல்லிக்கொண்டு வராவிட்டால் அழித்துவிடுவேன். டிஸ்க்கில் இடம் வேண்டும். அடுத்த கல்யாணம் வாசலில் வந்து நிற்கும்.

சொந்த வீட்டு விசேஷம் என்றால் அந்த ஒரு வருடமும் கிடையாது. ஆல்பம் முடிந்த அன்றைக்கே மூலத்தை அழித்துவிடுவேன். சொந்தக்காரர்கள் எங்கே சண்டைக்கு வரப்போகிறார்கள் என்ற தைரியம்.

என் அண்ணனுக்குக் குடும்பத்தில் 'ரேடியோ' என்று பெயர். என்னைவிட ஆறு வயது மூத்தவன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வாத்தியார். காலையிலிருந்து சாயங்காலம் வரை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, "கிளட்ச்ச விடு. மெதுவா விடு. எவ்வளவு மெதுவான்னா, தூங்குற குழந்தை கையில இருந்து பொம்மைய உருவுற மாதிரி" என்று பேசிக்கொண்டே இருப்பான். வீட்டுக்கு வந்தும் வாய் ஓயாது. "உங்க அண்ணன் அஞ்சு நிமிஷம் பேசாம இருந்தா மூக்குல விரல் வெச்சுப் பாப்பேன், மூச்சு இருக்கான்னு" என்பார் அண்ணி. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மா அவனைப் பார்த்துத்தான் சொல்வாள். என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள்.

வீட்டு விசேஷங்களில் நான் கேமராவோடு நின்றால் அவன் நேராக முன்னால் வந்து நின்று பேசுவான். யார் வந்தார்கள், யார் கூப்பிட்டும் வரவில்லை, வந்தவர் தலையில் எது சொந்த முடி எது சாயம், எல்லாவற்றுக்கும் நேர்முக வர்ணனை. "கொட்டு அண்ணே, கொட்டு. எப்படியும் உன் வாய் மேல பாட்டைப் போட்டு மூடத்தான் போறேன்" என்பேன். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். ஒரே ஒரு தடவை, அவன் மகள் பட்டம் வாங்கிய அன்றைக்கு, சிரிக்காமல் கேட்டான்.

"இந்த ஒரு தடவை நான் பேசுறது இருக்கட்டுமேடா."

நான் கேட்கவில்லை. அந்த மாதம்தான் ஒரு புதுப் பாட்டு வந்து எல்லோர் வாயிலும் இருந்தது. அப்பா மகளைப் பார்க்கும் காட்சிக்கென்றே அளவெடுத்துத் தைத்த பாட்டு. அதைப் போட்டேன். வீட்டில் போட்டுக் காட்டியபோது எல்லோரும் அழுதார்கள். அண்ணனும் அழுதான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் அவன் குரல் கம்மியது. கத்திக் கத்தித் தொண்டை தேய்ந்துவிட்டது, கடவுளாகப் பார்த்து எங்களுக்கு ஓய்வு கொடுத்தார் என்று கேலி செய்தோம். எட்டு மாதம் அந்தக் கம்மிய குரலோடே வேலைக்குப் போனான். ஒரு நாள் மூச்சு விட முடியாமல் போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குரல்வளையில் கட்டி. உயிர் வேண்டுமென்றால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் ஒரு சின்னத் துணி. மூச்சு அந்த வழியாகத்தான் வந்து போகிறது. 'ரேடியோ நின்னுபோச்சு' என்று அவனே சிலேட்டில் எழுதிக் காட்டினான். பக்கத்தில் ஒரு சிரித்த முகத்தையும் வரைந்திருந்தான்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் பேச்சுப் பயிற்சியாளர் எங்களைக் கூப்பிட்டார். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். அவர் மேஜை மேல் பாதியாக அறுத்த பிளாஸ்டிக் தலை ஒன்று, நாக்கும் தொண்டையும் தெரிய உட்கார்ந்திருந்தது. அவர் ஒரு டேப்லெட்டை அண்ணன் கையில் கொடுத்தார்.

"இதுல நீங்க எழுதுங்க, சார். அது பேசும்."

அண்ணன் ஒரு விரலால் தட்டினான். உள்ளேயிருந்து ஒரு ஆள் பேசினான்: "டேய் தம்பி, ஒரு காபி வாங்கிட்டு வாடா." செய்தி வாசிக்கிறவன் குரல். அந்த 'டேய்' இருக்கிறதே, அதற்கே இஸ்திரி போட்டு வைத்திருந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனும் தோளைக் குலுக்கிச் சத்தமில்லாமல் சிரித்தான். பிறகு டேப்லெட்டை மேஜை மேல் வைத்து, இரண்டு விரலால் தள்ளிவிட்டு, சிலேட்டை எடுத்தான். 'யாரோ ஒருத்தன் என் வீட்டுக்குள்ள வந்து என் பொண்டாட்டிகிட்ட பேசுற மாதிரி இருக்கு. வேண்டாம்.'

"சரி, உங்க குரல்லயே பேச வைக்கலாம்," என்றார் பயிற்சியாளர். "குரல் கம்முறதுக்கு முன்னாடி நீங்க பேசினது எங்கயாவது பதிவாகி இருந்தா போதும். அதை வெச்சு இதுக்குக் கத்துக் கொடுத்துடலாம்."

"எவ்வளவு வேணும்?" என்றார் அண்ணி.

"இருபது நிமிஷம் இருந்தா நல்லது. பத்து நிமிஷமாவது வேணும். அவர் பேசுறது மட்டும்தான் இருக்கணும். பின்னாடி பாட்டு, மியூசிக் எதுவும் கூடாது."

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அண்ணன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. எழுத்து கோணிக்கொண்டு போகும் வேகத்தில் எழுதினான். 'கவலையே வேண்டாம். என் தம்பிகிட்ட இருக்கு. இருபது வருஷமா எல்லாத்தையும் எடுத்து வெச்சிருக்கான்.' அதைப் பயிற்சியாளரிடம் காட்டினான், அண்ணியிடம் காட்டினான், கடைசியில் என்னிடம் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினான்.

"இருக்கு அண்ணே," என்றேன்.

மறுநாள் காலையிலேயே அண்ணி கடைக்கு வந்துவிட்டார். வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். எங்கள் குடும்பத்துக்கு நான் போட்ட ஆல்பங்கள் மொத்தம் பதினொன்று. அண்ணன் மகளின் பிறந்தநாள்கள், அவர்கள் புது வீட்டுக்குக் குடிபோனது, அம்மாவின் எழுபதாவது வயது, பட்டம் வாங்கிய நாள். முதல் ஆல்பத்தைப் போட்டதும் அண்ணி நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"இதோ பேசுறார் பாருங்க! எவ்வளவு நேரம் பேசுறார்!"

திரையில் அண்ணன் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். மேலே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"பாட்டைக் கொஞ்சம் குறைங்களேன்."

குறைத்தேன். அறை அமைதியாகிவிட்டது.

"ஐயோ, எல்லாத்தையும் இல்ல. பாட்டை மட்டும் குறைச்சிட்டு அவர் சத்தத்தைக் கூட்டுங்க."

"அவன் சத்தம் இதுல இல்ல, அண்ணி."

"பாட்டுக்கு அடியில இருக்கும்ல?"

சுவரில் ஒரு வர்ணத்துக்கு மேல் இன்னொரு வர்ணம் அடித்தால் சுரண்டிப் பார்க்கலாம். இது அப்படி இல்லை என்று யாருக்கு விளங்கும்?

"அடியில ஒண்ணும் இல்ல, அண்ணி. சத்தத்தை எடுத்துப் போட்டுட்டுத்தான் பாட்டு வெப்பேன்."

"எங்க போட்டீங்க? போட்ட எடத்துல இருக்குமே, தேடிப் பாருங்க."

"அந்த எடத்தையே அழிச்சுட்டேன்."

அண்ணி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பதினொண்ணுலயுமா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன்.

ஃபோனில் இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன், எல்லோரிடமும் கேட்டேன். அண்ணன் குரல் பதிவு அனுப்புகிற ஆள் இல்லை. "பேசணும்னா கூப்பிட்டுப் பேசு. பெட்டிக்குள்ள பேசி வெச்சிட்டுப் போறதுக்கு நான் என்ன பூதமா?" என்பான். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளிடம் இருந்தவை எல்லாம் இந்த எட்டு மாதத்துக் கம்மிய குரல்கள். விசேஷங்களில் யாராவது ஃபோனை நீட்டியிருப்பார்கள் என்றால், நீட்டவிடாமல் விரட்டியவன் நான்தான். "குறுக்க வராதீங்க, நான் ஒருத்தன் எடுக்குறேன்ல" என்று எத்தனை பேரைக் கடித்திருக்கிறேன். நல்ல கேமரா வைத்திருக்கும் தம்பி ஒருவன் வீட்டில் இருந்தால் மற்றவர்கள் எதற்கு எடுக்கப்போகிறார்கள்?

நான்கு நாள் கடையைப் பாதி மூடிவைத்து உட்கார்ந்தேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், கொஞ்சம் உயிரோட்டமாக இருக்கட்டும் என்று கைத்தட்டலையோ சிரிப்பையோ இரண்டு விநாடி விட்டுவைக்கும் வழக்கம் எனக்கு உண்டு. அந்தச் சந்துகளில் அண்ணனைத் தேடினேன். கிடைத்தான், துண்டு துண்டாக. "அப்படி இல்லடா, திருப்பி..." என்று ஒரு இடம். "பாட்டிக்கு ஒரு கைத்..." என்று ஒரு இடம். "யாரு, இவனா?" என்று முழுதாக ஒன்று, அதைப் பத்துத் தடவை கேட்டேன். மற்றதெல்லாம் சிரிப்பு. மொத்தம் நாற்பத்தொரு விநாடி. அதில் சிரிப்பு மட்டும் இருபத்தாறு. எனக்கு உயிராக இருந்த அந்தப் பாட்டுகள் ஒவ்வொன்றும் அந்த நான்கு நாளில், கதவுக்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டு வழிவிடாமல் நிற்கும் ஆள் மாதிரி தெரிந்தது.

அதையும் பயிற்சியாளருக்கு அனுப்பினேன். வெட்கமில்லாமல் கேட்டேன், இதை வைத்துப் பண்ண முடியுமா என்று. அவர் ஃபோனில் கூப்பிட்டுத் தணிவாகத்தான் சொன்னார்.

"அழகா சிரிக்கிறார், சார். ஆனா சிரிப்பை வெச்சுப் பேசக் கத்துக் கொடுக்க முடியாது."

அண்ணனிடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. அண்ணியும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியவன் நான் என்று விட்டுவிட்டார். தினமும் காலையில் அவனிடமிருந்து செய்தி வரும்: 'கெடச்சுதா?' நான் 'வேலை நடக்குது' என்று பதில் போடுவேன். ஓட்டுநர் பள்ளி முதலாளி அவனை வந்து பார்த்திருக்கிறார். பேசுகிற மிஷினோடு வந்தால் வேலைக்குச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. குரல் வந்ததும் முதலில் மிஷினில் ஏற்றி வைக்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் அனுப்பினான்.

'1. பிரேக்.
2. பிரேக்குன்னு சொன்னேன்ல.
3. பரவாயில்ல, எல்லாரும் முதல்ல அப்படித்தான் இடிப்பாங்க.
4. கண்ணாடியப் பாரு. உன் மூஞ்சிய இல்ல, பின்னாடி வர்ற வண்டிய.
5. (உன் அண்ணிக்கு) சாப்பாடு நல்லா இருக்கு.
அஞ்சாவத அவகிட்ட காட்டாத. குரல்லயே கேக்கட்டும்.'

அதைப் படித்துவிட்டுக் கடைக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். ஐம்பதை நெருங்கும் ஆம்பளை, மேலே பத்து டிஸ்க் அடுக்கி வைத்திருக்கும் அலமாரிக்குக் கீழே உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் என் மனைவி எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பாத்திரத்தை மூடிக்கொண்டே சொன்னாள்:

"ஊருக்கெல்லாம் ஆல்பம் போட்டீங்க, நம்ம கல்யாணத்துக்குத்தான் போடல. பத்தொன்பது வருஷமா கேட்டு வாய் வலிச்சுப்போச்சு. அந்த டேப்பாவது இருக்கா, அதையும் அழிச்சிட்டீங்களா?"

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

என் கல்யாணத்தன்று நான் மாப்பிள்ளை. கேமரா பிடித்தது அண்ணன். வாடிக்கையாளர் வேலை முடியட்டும், முடியட்டும் என்று தள்ளிப்போட்டு அந்த டேப்புகளை நான் தொடவே இல்லை. வெட்டவில்லை, பாட்டு ஏற்றவில்லை, எனவே அழிக்கவும் இல்லை. கேமராவைப் பிடித்திருந்தவனே அண்ணன் என்றால் மைக்குக்கு மிக அருகில் இருந்த வாய் யாருடையது? காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த வாய் மூடியிருக்குமா? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடுங்க, கை எல்லாம் எண்ணெய்," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

பழைய பில் புத்தகங்களுக்கு நடுவில் மூன்று டேப்புகள் கிடைத்தன. சின்னவை, உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். அவற்றை ஓட்டும் மிஷின் என்னிடம் இல்லை. எங்கள் தெருவில் பழைய மிஷின்களைப் பழுது பார்க்கும் ஒருவர் இருக்கிறார். எதைக் கேட்டாலும் "ஸ்பேர் இல்ல" என்றுதான் முதலில் சொல்வார் என்பதால் அவர் பெயரே ஸ்பேர். அவரிடம் ஓடினேன். "ஸ்பேர் இல்ல," என்றார். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு நாள் கொடுங்க. மூணு செத்த மிஷினைச் சேர்த்து ஒண்ணுக்கு உயிர் கொடுக்குறேன்."

அந்த மகிழ்ச்சியில்தான் நான் அடுத்த தவறைச் செய்தேன். நான் முதலில் தனியாகப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன்: 'மூணு மணி நேரம் இருக்கு அண்ணே. நீயே எடுத்தது. உன் வாயைத் தவிர அதுல வேற எதுவும் இருக்காது.' இத்தனை நாள் மென்று முழுங்கியிருந்த உண்மையை, ஆல்பங்களில் ஒன்றுமில்லை என்பதை, அதோடு சேர்த்துச் சொல்லிவிட்டேன். நல்ல செய்தியோடு கெட்ட செய்தியைச் சுருட்டிக் கொடுத்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்ற கணக்கு. அவன் கெட்டதைக் கண்டுகொள்ளவே இல்லை. 'சனிக்கிழமை வர்றேன்' என்று பதில் வந்தது.

சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு வந்தான். முகத்தை மழித்து, நல்ல சட்டை போட்டு, கழுத்துத் துணியைக்கூடச் சட்டைக்குப் பொருத்தமாகக் கட்டியிருந்தான். அண்ணி பின்னால் வந்தார். அவர் பையில் அந்த டேப்லெட் இருந்தது. குரல் கிடைத்தால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று எடுத்து வந்திருந்தார். என் மனைவி, ஸ்பேர், நான். ஐந்து பேருக்குக் கடை போதவில்லை. ஸ்பேர் மிஷினின் மூடியைத் திறந்தே வைத்திருந்தார், மூன்று மிஷினின் பாகங்களும் உள்ளே அடங்கவில்லை என்று.

முதல் டேப்பைப் போட்டேன். திரையில் கோடு கோடாக ஓடி, பிறகு சட்டென்று தெளிந்தது. கல்யாண மண்டபத்து வாசல். ஆட்கள் வருகிறார்கள். வந்தவர்கள் கேமராவைப் பார்க்கிறார்கள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். என் மாமனார் எதற்கோ பதில் சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்.

சத்தம் வரவில்லை.

"ஸ்பீக்கர்," என்றார் அண்ணி.

ஸ்பீக்கரைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. வயரைக் கழற்றி மாட்டினேன். ஸ்பேர் ஒரு ஹெட்ஃபோனை நேராக மிஷினில் செருகிக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். கழற்றினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "மிஷின்ல கோளாறு இல்ல. என் டேப் ஒண்ணு போட்டுப் பாத்துட்டுத்தான் கொண்டுவந்தேன்," என்றார். இரண்டாவது டேப். மூன்றாவது டேப். கம்ப்யூட்டரில் சத்தத்தின் அளவைக் காட்டும் கோடு ஒன்று உண்டு. யாராவது மூச்சு விட்டால்கூடத் துள்ளும். அது மூன்று டேப்பிலும் தரையோடு படுத்துக் கிடந்தது.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பத்தொன்பது வருடமாக ஒரு தடவைகூட வராத ஞாபகம். அன்று காலையில் மாப்பிள்ளை அறையில் நான் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். அண்ணன் கேமராவை வாங்க வந்து, "பேசிக்கிட்டே எடுக்கலாமாடா?" என்று கேட்கிறான். அறையில் பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் எல்லோருக்கும் தெரியும்படி மைக்கின் அளவை அடிவரைக்கும் திருகி வைத்துவிட்டு அவன் கையில் கொடுக்கிறேன். "இந்தா, இன்னிக்கு முழுக்கப் பேசு. மைக்கை மூடிட்டேன்." பத்துப் பேரும் சிரிக்கிறார்கள். அண்ணன்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான்.

"நான்தான் அண்ணே," என்றேன். "நான்தான் அன்னிக்கு மூடி வெச்சேன்."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், வராமலும் இருந்திருக்கலாம். கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

யாருக்கும் டேப்பை நிறுத்தத் தோன்றவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. படம் நிலையாக இல்லை, அடிக்கடி குலுங்கியது. அண்ணன் சிரிக்கும்போது கேமராவும் சேர்ந்து குலுங்கியிருக்கிறது. அம்மா வந்தாள். அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. கேமராவை நேராகப் பார்த்து ஏதோ நீளமாகச் சொன்னாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, எதையோ கேட்டுக்கொண்டாள். அடிப்பதுபோல் கையை ஓங்கிவிட்டு, சிரித்தாள். அவள் குரலும் இல்லை. அதையும் பறித்தவன் நான்தான் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது.

அம்மாவுக்குப் பிறகு அண்ணி. முப்பது வயது அண்ணி, நாற்காலியில் மகளை மடியில் வைத்துக்கொண்டு. படம் அவரிடம் நெருங்கிப் போய் நின்றது. அங்கேயே நின்றது. அண்ணி முதலில் கண்டுகொள்ளாமல் இருந்தார், பிறகு உதட்டைக் கடித்தார், பிறகு முகத்தை மகளின் தலைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். காதுவரை சிவந்திருந்தார்.

"இங்க என்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டார் அண்ணி.

அண்ணன் திரையைப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான். உதடு அசைந்தது, எதையோ தேடுவதுபோல். பிறகு கையை விரித்தான்.

"உங்களுக்கும் ஞாபகம் இல்லயா?"

இல்லை என்று தலையாட்டினான். அண்ணி அவன் தோளில் கை வைத்தார். அவன் அந்தக் கையைப் பார்க்கவில்லை. கழுத்துத் துணி வேகமாக உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது.

"அண்ணே, நான் வேற எங்கயாவது..." என்று ஆரம்பித்தேன். வேறு எங்கே? எனக்கே தெரியவில்லை.

அண்ணன் கையை நீட்டினான். சிலேட்டுக்கு இல்லை, அண்ணியின் பைக்கு. அண்ணி டேப்லெட்டை எடுத்துக் கொடுத்தார். தொடவே மாட்டேன் என்றவன், அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு விரலால் மெதுவாகத் தட்டினான். நாங்கள் காத்திருந்தோம். செய்தி வாசிக்கிறவன் பேசினான்.

"பாட்டு போடு தம்பி."

எனக்குச் சரியாகத்தான் கேட்டது. ஆனாலும், "என்ன அண்ணே?" என்றேன்.

மறுபடி தட்டினான். அந்த ஆள் ஒவ்வொரு எழுத்தையும் சுத்தமாகச் சொன்னான்.

"இப்படிப் பாக்க முடியல. ஒரு பாட்டு போடு."

நான் பாட்டுப் பட்டியலைத் திறந்தேன். எல்லாவற்றையும் தருணம் தருணமாகப் பிரித்து வைத்திருக்கிறேன். பிறப்பு, முதல் அடி, பள்ளி, பட்டம், கல்யாணம், பிரிவு, ஓய்வு, இறப்பு. கல்யாணத்துக்கு மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு. மேலிருந்து கீழே வரை போனேன். கீழிருந்து மேலே வந்தேன். திரையில் இப்போது நான்தான் இருந்தேன், மாப்பிள்ளைக் கோலத்தில், கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டு. போதும், வாயை மூடு என்று அண்ணனிடம் சொல்கிறேன். என் வாயசைவு எனக்குப் புரிகிறது.

மவுஸ் மேல் இருந்த என் விரல் நகரவில்லை. பின்னாலிருந்து அந்த ஆள் மூன்றாவது தடவையும் சொன்னான்.

"பாட்டு போடு தம்பி."